சூளைக்குப் போய் வந்த சாடி

எங்கள் லகாஷ் நகரத்துப் படித்துறையில் கெமெலம்மா வடிக்கிற பீரைக் குடிக்காதவன் நாக்கு இருந்தும் இல்லாதவன். போதையில் சொல்லவில்லை. காலையில், வெறும் வயிற்றோடு, படகுக் கழியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்த வருடம் எங்கள் ஊர்த் தெய்வம் பாவு தேவியின் திருவிழாவுக்குப் பீர் வடிக்கச் சொல்லி முதல் தடவையாக அவளுக்குக் கோயிலிலிருந்து ஆள் வந்தது. கோயில் பார்லியும் வந்து இறங்கியது. தேவியின் தானியத்தைப் பாழாக்கினால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான் என்று பூசாரி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுடைய பெரிய சாடியில் ஒரு விரிசல். அதை அடைத்துத் தரச் சொல்லி உர்னிகரிடம் கொடுத்தாள். உர்னிகர் குயவன். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, சொல்ல வாய் வராமல், தினமும் எங்களோடு உட்கார்ந்து குடிப்பவன். விரிசலை அடைத்ததோடு விட்டானா? உள்ளே தலைமுறையாய்ப் படிந்திருந்த கறையைச் சுரண்டித் தேய்த்து, சாடியை மறுபடி சூளையில் வைத்துச் சுட்டு, பளபளவென்று கொண்டுவந்து இறக்கினான்.

கெமெலம்மா சாடிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"அடப்பாவி! கழுவிட்டியா?"

"சுட்டும் குடுத்திருக்கேன்," என்றான் பெருமையாக.

"உள்ள இருந்த நின்காசியச் சேர்த்துச் சுட்டுட்டியேடா!"

பீருக்குத் தெய்வம் நின்காசி. பீர்ச் சாடி அவள் குடியிருக்கும் வீடு. அதை யாரும் கழுவுவதில்லை. குயவனுக்கும் இது தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"பக்கத்துக் கடையில ஒரு சாடி இரவல் கேளேன்," என்றேன்.

"அவ சாடியில ஊறினா அது அவ பீரு, அண்ணே. கோயில் கேட்டது என் பீர."

முளைகட்டிய பார்லியை இடித்தாள், ஊறலில் கரைக்கிற பீர் ரொட்டி சுட்டாள், பேரீச்சம்பாகு சேர்த்து அந்தச் சாடியிலேயே ஊறல் போட்டாள். மறுநாள் நுரைக்கிற சத்தம் வருகிறதா என்று சாடியில் காதை வைத்துக் கேட்டாள். பேச்சில்லை, மூச்சில்லை. அடுத்த நாளும் அப்படியே. இன்னும் ஒரு நாள் போனால் எல்லாம் கெட்டுப்போகும். நானாக இருந்தால் உர்னிகரைக் கால்வாயில் தள்ளியிருப்பேன். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வீடு தீப்பிடிச்சா வீட்டுக்காரி எங்க போவா?"

"பழகின இடத்துக்கு."

"நின்காசி தினம் எது வழியா வெளிய போயிட்டிருந்தா?"

சொல்லிக்கொண்டே எழுந்து, சுவரில் செருகியிருந்த நாணல் குழல்களைப் பிடுங்கினாள். நாங்கள் சாடியைச் சுற்றி உட்கார்ந்து உறிஞ்சும் குழல்கள், ஆளுக்கு ஒன்று. அவற்றையும் யாரும் கழுவியதில்லை. என் குழல் இருக்கும் பக்கம்கூட என் பெண்டாட்டி வரமாட்டாள்.

"ஏ, அதுல என் எச்சிலும்ல இருக்கு! தேவிக்குப் படைக்கிறதாச்சே!"

"தேவி உங்க எச்சிலையா பாக்கப் போறா? நின்காசி வந்தாளான்னுதான் பாப்பா."

எல்லாக் குழலையும் ஒடித்துச் சாடியில் போட்டு மூடினாள். மறுநாள் காலையில் நான் படகைக் கட்டும்போது மூடி தடதடவென்று ஆடியது. நுரை வழிந்து தரைக்கு வந்தது. என்ன மூளை அவளுக்கு! மாடு மாதிரி வளர்ந்த நான் அங்கேயே நின்று அழுதேன்.

திருவிழாவில் பெரிய பூசாரியே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாராம். நாங்கள் மதிலுக்கு வெளியே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றோம். இனி வருடா வருடம் அவள் பீர்தான் என்று சொல்லிவிட்டார்கள். பரிசாகக் கோயில் சூளையில் சுட்ட புத்தம்புதுச் சாடி ஒன்றும் கொடுத்தார்கள்.

அதை உர்னிகர்தான் கடைவரை சுமந்து வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கெமெலம்மா பழைய சாடியின் அடிவண்டலோடு கொஞ்சம் பீரை அதில் ஊற்றி, புது நாணல் ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"முதல்ல நீ வாய் வை."

"புதுச் சாடி... கழுவ வேணாமா?" என்றான், நாணலை வாங்கிக்கொண்டே.

"கழுவிப்பாரு, கொன்னுடுவேன்," என்றாள். "இது நம்ம வீட்டுச் சாடி."