பாய்மேல் இருப்பதெல்லாம் சரக்கு

கொம்பை ஊதி முடித்துத் திரும்பியபோதுதான் டெல்கா பார்த்தாள். அவள் புருஷன் ஒர்மோ பாயின் மேல் உட்கார்ந்திருந்தான்.

ஒரு காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அறுந்துபோன வாரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். சுற்றிலும் நரித்தோல் கட்டுகள், சீல் தோல் கட்டுகள், ஓரத்தில் அவன். கொம்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான். எழுந்திருக்கப் போனவனுக்குப் பாதியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தான்.

எல்லையாக நட்டிருந்த கம்பு வரிசைக்குப் பின்னால் வெர்கா ஊரே நின்றிருந்தது. முப்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

கொம்பு ஊதிய பிறகு பாய்மேல் இருப்பதெல்லாம் சரக்கு. அதிலிருந்து ஒரு முடியைத் திரும்ப எடுத்தாலும் அந்த வருடத்து வியாபாரம் அதோடு சரி. பனிக்கு அடியில் இருப்பவர்கள் வீடுகளைச் சூடாக்கும் தங்கள் கனல்கற்களோடு இறங்கிப் போய்விடுவார்கள். அடுத்த வருடம் சூரியன் கடைசியாக எட்டிப் பார்க்கிற இதே நாளில்தான் மறுபடி பனி வெடிப்புக்கு வருவார்கள். டெல்கா பிறப்பதற்கு முன்னால் ஒருவர் விலை போதவில்லை என்று ஒரே ஒரு நரித்தோலைப் பாயிலிருந்து உருவிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் பதினோரு வீடு அணைந்துபோயிற்று. அணைந்த வீடுகளுக்குள் வசந்தத்தில்தான் போக முடிந்தது.

தப்பு ஒர்மோவுடையது மட்டும் அல்ல. கொம்பு ஊதுகிறவள் பாயைப் பார்த்துக்கொண்டுதான் ஊத வேண்டும். டெல்கா ஒன்பது வருடமாக அப்படித்தான் ஊதினாள். இன்றைக்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஊதினாள். ஆறு ஊசி கொடுத்து அவள் வாங்கி வைத்திருந்த புதுத் தொப்பியை, ஒரு வார்த்தை கேட்காமல் ஒர்மோ தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. கடைசிக் கட்டைச் சுமந்துகொண்டு அவன் பாய்ப்பக்கம் போனது தெரியும். அதனால்தான் திரும்பவே இல்லை.

மூடுபனி வெடிப்பிலிருந்து எழும்பத் தொடங்கிவிட்டது. டெல்கா கம்புகளுக்குப் பின்னால் ஓடினாள். எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். வருகிறவர்களைப் பார்க்கக் கூடாது. பார்த்தவர்களும் யாரும் இல்லை.

"மூணு ஊசிகூடத் தேறாதவன்," என்று மெல்லச் சொன்னான் கோர்வன். ஊருக்குத் தலைவன், பெரிய சறுக்குவண்டி அவனுடையது. "இவனைப் பாத்துட்டு தோலோட விலையையும் கொறைச்சிரப் போறாங்க."

"கொறைக்க மாட்டாங்க அண்ணே, கேட்டுத்தான் பாப்பாங்க, இது என்ன ஜாதித் தோல்னு," என்றாள் அவன் தம்பி மனைவி சீவ்னா.

குனிந்த தலைகளுக்குள் சிரிப்பு ஓடியது. டெல்காவுக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. கீழே இருப்பவர்கள் மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள், வழக்கமான விலையை வைத்துவிட்டு அவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

பனிக்கு அடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது. முதல் விலை வைத்தாகிவிட்டது.

விலையை எடுப்பதும் விடுவதும் கொம்புக்காரி வேலை. அவள் கை மட்டும்தான் கல்லைத் தொடலாம். டெல்கா தனியாக நடந்து போனாள். வழக்கமாக நாற்பது கல் இருக்கும். வீட்டுக்கு ஒன்று, பொதுக்கூடத்துக்கு இரண்டு. இன்றைக்கு அறுபது இருந்தது. சிவந்த உள்ளொளியோடு, சுற்றியிருந்த பனியை ஈரமாக்கிக்கொண்டு, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வரிசை தோல்களுக்கு எதிரே இல்லை. ஒர்மோவின் கால்களுக்கு எதிரே இருந்தது.

"கிட்ட வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டேன். யாரோ என் கையைத் தொட்டுப் பாத்தாங்க. ரொம்ப நேரம்." அவன் கையுறையைக் கழற்றிக் காட்டினான். விரல் ஐந்தும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. "எத்தனை கல்லு?"

அவள் சொன்னாள். அவன் முகத்தில் பயத்துக்கு நடுவே ஏதோ ஒன்று வந்து போனது. கொஞ்சம் பெருமை மாதிரி இருந்தது.

"அறுவதா," என்றான். "கோர்வன்கிட்டச் சொல்லு."

டெல்கா எதையும் தொடாமல் திரும்பி வந்தாள். தொடாமல் வந்தால், விலை போதவில்லை என்று அர்த்தம். கூட்டி வைக்க அவர்களுக்கு இன்னும் இரண்டு தடவை உண்டு. மூன்றாவதோடு முடிந்துவிடும்: அதை எடுத்தால் சரக்கு அவர்களுக்கு, விட்டால் கல் அவர்களுக்கு.

அறுபது என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. இரண்டாவது முறை தட்டு கேட்டு, அவள் போய்ப் பார்த்து வந்து தொண்ணூற்றைந்து என்றபோது, யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தொண்ணூற்றைந்து கல் என்றால் இரண்டு குளிர்காலம். எல்லாருக்கும் அந்தக் கணக்கு ஒரே நேரத்தில் ஓடியது டெல்காவுக்குத் தெரிந்தது. அவளுக்கும் ஓடியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

முதலில் வாயைத் திறந்தவள் சீவ்னா. பல வருடங்களுக்கு முன்னால் தன் மாமனாரின் நாய் பாயில் படுத்துத் தூங்கிப்போன கதையைச் சொன்னாள். அந்த நாயை வாங்கிக்கொண்டு போனார்கள், ஆனால் கொல்லவில்லை, ஆறு வருடம் வரைக்கும் பனிக்கு அடியில் அதன் குரைப்பு கேட்டதாம். அதைச் சொல்லிவிட்டு டெல்காவின் தோளைத் தொடப் பார்த்தாள். டெல்கா நகர்ந்துகொண்டாள்.

கோர்வன் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். தணிந்த குரலில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். போன வருடக் கல் பாதியில் மங்கிப் போனதை, கடைசி வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தையை, தோல் இந்த வருடம் குறைவாகக் கிடைத்ததை. ஒர்மோவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

"நீதான்மா ஊதின," என்றான் கடைசியில். "நாங்க யாரும் அவனைப் பிடிச்சு உக்கார வைக்கல."

"தெரியும்ணே."

"அவனை இப்ப இறக்கினா முப்பத்தெட்டு வீடும் இருட்டுக்குப் போயிரும். அது உனக்குச் சம்மதமா?"

சம்மதமில்லை. அவனை விட்டுக்கொடுக்கவும் சம்மதமில்லை. சூரியன் பனிமேட்டின் விளிம்பில் ஒரு கை அகலம் மட்டும் நின்றது. அது மறைவதற்குள் மூன்றாவது விலைக்கான தட்டு கேட்டுவிடும்.

ஊருக்குள் தோல் விற்கும்போது சிலர் நல்ல தோலோடு ஓட்டைத் தோலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். வாங்குகிறவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டைப் பிரி, தனித்தனியா விலை சொல்லு என்பாள். டெல்காவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இப்போது அது ஏன் நினைவுக்கு வந்தது என்று யோசிப்பதற்குள் கால் நடந்துவிட்டது. இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டே நடந்தாள்.

பின்னால் கூச்சல் எழுந்தது. பாயைத் தொடாதே என்று யாரோ கத்தினார்கள். ஆனால் கம்பு வரிசையைத் தாண்டி வர யாருக்கும் துணிச்சல் இல்லை.

அந்தப் பாயை யாரும் இதுவரை வெட்டியதில்லை. ஒன்பது வால்ரஸ் தோலைச் சேர்த்துத் தைத்தது, குளிரில் பலகை மாதிரி விறைத்திருந்தது. டெல்கா மண்டியிடவில்லை, முழங்கால் பட்டால் அவளும் சரக்கு. குனிந்து நின்றபடியே ஒர்மோவுக்கும் தோல் கட்டுகளுக்கும் நடுவே கத்தியை இறக்கினாள். முதல் குத்தில் வெறும் கீறல்தான் விழுந்தது.

"என்ன செய்ற?" என்றான் ஒர்மோ.

"கட்டைப் பிரிக்கிறேன்."

"இது எடுத்த கணக்குல வந்துருமே, புள்ள."

"நான் எதையும் எடுக்கல. எல்லாம் பாய் மேலதான் இருக்கு. ஓரத்தை இழுத்துப் பிடி, ஆடுது."

அவன் வெளுத்த விரல்களால் விளிம்பை இழுத்துப் பிடித்தான். இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்தார்கள். பல வருடத்துக்குப் பிறகு சேர்ந்து செய்த வேலை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கத்தி முனை ஒடிந்தது. மிச்சமிருந்த பாதியால் அறுத்தாள். உள்ளங்கை கிழிந்து கையுறைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. கடைசி இழை அறுந்தபோது மூடுபனி அவள் முட்டி வரைக்கும் வந்துவிட்டது.

"தொண்ணூத்தஞ்சுன்னு நீ அங்க சொன்னது காதுல விழுந்துச்சு," என்றான் ஒர்மோ. "அவ்வளவுக்கும் நான்... நீ அந்தக் கல்லை எடுத்துக்கிட்டாலும் எனக்குப் புரியும்."

"உனக்கு ஒண்ணும் புரியாது. கண்ணை மூடிக்க."

அவள் ஓடி வந்து கம்புகளுக்குப் பின்னால் முதுகைத் திருப்பியபோது, பக்கத்தில் நின்ற கோர்வனின் மூச்சு கேட்டது. இதற்கு முன்னால் யாரும் செய்யாத காரியம். கீழே இருப்பவர்கள் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுப் போய்விடலாம். கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் கேட்பாரில்லை. பின்னால் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கல்லோடு கல் உரசுகிற சத்தம் கேட்டது. எடுத்து வைக்கிறார்களா, அள்ளிக்கொண்டு போகிறார்களா, காதால் பிரித்தறிய முடியவில்லை.

மூன்று தட்டு கேட்டது.

தோல்கள் இருந்த பாதிக்கு எதிரே முப்பது கல். ஒர்மோ இருந்த பாதிக்கு எதிரே இடுப்பளவு குவியல். வாய்விட்டு எண்ணினாள். நூற்றுப் பத்து. கடைசி நாலைந்து கற்கள் சிறியவை, விளிம்பு மழுங்கியவை, நெடுநாள் யாரோ கைக்குள் வைத்திருந்தவை போலத் தெரிந்தன.

அவர்கள் எதை வாங்க வந்தார்கள் என்று இப்போது ஒளிவுமறைவே இல்லை. கம்புகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் அந்தச் சிவப்பு வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். கோர்வன் அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான்.

டெல்கா கூடையை முப்பது கல்லின் பக்கம் வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முப்பதாவது கல்லைப் போட்டபோது, பொதுக்கூடத்துக்கு ஒன்றும் வைக்காவிட்டாலும் முப்பத்தெட்டு வீட்டில் முப்பது போக எட்டு என்று மனம் தானாகச் சொன்னது. பெரிய குவியல் ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அதன் சூடு கன்னத்தில் பட்டது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவள் கன்னத்தில் பட்ட முதல் சூடு. ஒர்மோ கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கூடை எந்தப் பக்கம் நிற்கிறது என்று காதால் கவனித்துக்கொண்டிருந்தான். அது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

யாரும் அவளுக்கு விலகி வழி விடவில்லை. இடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். ஏற்காத விலையை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு சரக்கை விட்டுவிடுவார்கள். முழுப் பாய்க்கு அதுதான் முறை. வெட்டிய பாய்க்கு என்ன முறை என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் திரும்பி நின்றார்கள். மறுபடியும் கல் உரசியது, கனமான எதையோ பனியில் இழுக்கிற சத்தம் கேட்டது, அது வெடிப்புப் பக்கம் போய் நின்றது. டெல்கா கிழிந்த உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒர்மோவின் பெயரைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். பதில் வராவிட்டால்? கூப்பிடவில்லை.

"டெல்கா," என்று பாய்ப்பக்கமிருந்து குரல் வந்தது. "எந்திரிக்கலாமா?"

அவள் திரும்பினாள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தோல்கள் இல்லை, அவற்றின் கீழிருந்த பாதிப் பாயும் இல்லை. குவியல் இருந்த இடத்தில் உருகிய பள்ளம். மிச்சப் பாதியில் ஒர்மோ, ஒரு காலில் மட்டும் காலணியோடு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி," என்றாள். அவனால் முடியவில்லை. அவள்தான் போய்த் தூக்கினாள். அவள் தோளில் தொங்கிக்கொண்டு நொண்டி வந்தவனை ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. கூடையில் எத்தனை என்று அவன் கேட்டான். முப்பது என்றாள். அவன் உதடு எட்டு என்று அசைந்தது.

"கல் இல்லாத எட்டுல முதல் வீடு நம்மளது," என்றாள் டெல்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. "மிச்சம் ஏழு எதுன்னு பொதுக்கூடத்துல வெச்சுப் பேசிக்கலாம். என்னைத் திட்டுறதையும் அங்கேயே வெச்சுக்கலாம்."

சீவ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூரியன் போய்விட்டது. கோர்வன் கூடையை வண்டியில் ஏற்றினான். நாற்பது கல்லுக்கென்று கொண்டு வந்த வண்டியின் ஒரு மூலையில் அது கிடந்தது. இழுகயிறு ஒன்றைத் தான் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை எடுத்து ஒர்மோவின் மார்பில் வீசினான்.

"இழுடா," என்றான், அவன் முகத்தைப் பார்க்காமல். "நூத்திப் பத்து கல்லு பெறுமாம்ல. இழு."

ஒர்மோ கயிற்றை மாட்டிக்கொண்டு குனிந்தான். வண்டி நகர்ந்தது.