லிஃப்ட் சீனுக்கு ஜட்ஜின் தீர்ப்பு

"ஏங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட நாக்கு எழவில்லை.

டிவியில் படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. கட்டிலில் அவள் கணவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். படம் பார்க்கும்போது அவர் தூங்குவது புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து எந்தப் படத்தின் இரண்டாம் பாதியையும் அவர் முழுசாகப் பார்த்தது கிடையாது. ஆனால் அவர் தூங்கினால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும், குறட்டை அப்படி. இப்போது அந்தச் சத்தம் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தாள்.

மேலே ஓடிய மின்விசிறிக் காற்றில் போர்வை லேசாக ஏறி இறங்கியது. காற்றினால் ஏறி இறங்குகிறதா, உள்ளே இருப்பவரின் மூச்சினாலா? மின்விசிறியை நிறுத்தினால் தெரிந்துவிடும். சுவிட்ச் கதவோரம்தான் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. அப்போது வாசலில் மணி அடித்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போய்த் திறந்தாள். பெயிண்டரும் கேஷியரும் நின்றார்கள். பெயிண்டர் கையில் பிஸ்கட் பொட்டலம். நகக்கண்களில் போன வாரம் அடித்த சுவரின் பச்சை இன்னும் இருந்தது. கேஷியர் கீழ்த்தளத்து சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மேலே வந்துவிடுவாள்.

"ஜட்ஜ் ரெடியா அண்ணி?" என்றார் பெயிண்டர்.

"தூங்குறாரு."

யோசிக்காமல் வந்த சொல்தான். ஆனால் சொன்ன பிறகு அதுவே உண்மை என்று ஆகிவிட்ட மாதிரி கொஞ்சம் தெம்பு வந்தது. தூங்குகிறார், வேறென்ன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாத்திரை போட்ட மனுஷன் தூங்காமல் டான்ஸா ஆடுவார்?

"படத்தப் பாத்துட்டாருல்ல?" என்றாள் கேஷியர். "இல்லேன்னா சொல்லிடுங்கக்கா, அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. உக்காருங்க."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு ஜட்ஜ் என்ற பெயரைச் சூட்டியது இந்த இரண்டு பேர்தான். வாரம் ஒரு படம். மூன்று பேரும் அவரவர் வசதிப்படி பார்த்துவிட்டு ஞாயிறன்று இந்த ஹாலில் கூடுவார்கள். பெயிண்டருக்கு எல்லாப் படமும் பிடிக்கும், கேஷியருக்கு எதுவுமே பிடிக்காது. இருவரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். "முதல் பாதியில நடிகர்கள் தூங்கிட்டாங்க, ரெண்டாவது பாதியில டைரக்டர் தூங்கிட்டான்" என்பார். இருவரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். இரண்டாவது பாதியில் தூங்கியது யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தியேட்டருக்குப் போய்வந்த காலத்தில், திரும்பி நடக்கும்போது அவள்தான் கதை சொல்வாள். "எதுவரைக்கும் பாத்தீங்க?" என்று கேட்பாள். அவர் ஏதாவது ஒரு காட்சியைச் சொல்வார். அங்கிருந்து ஆரம்பித்து வீட்டுப் படி ஏறுவதற்குள் முடித்துவிடுவாள். எது நன்றாக இருந்தது, எது அரைவேக்காடு என்பதையும் சேர்த்துத்தான் சொல்வாள். அவர் "ம், அப்புறம்?" "ம், அப்புறம்?" என்று கேட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை அதையே கொஞ்சம் மெருகேற்றித் தீர்ப்பாக வாசிப்பார். அவள் அடுப்படியில் நின்றபடி சிரிப்பை அடக்கிக்கொள்வாள். ஒரு நாளும் அவரைக் காட்டிக்கொடுத்ததில்லை.

நெஞ்சில் ஆபரேஷன் நடந்த பிறகு தியேட்டர் நின்றுபோனது. டிவி படுக்கையறைக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் "பாத்துக்கோங்க" என்றார். எதை, எப்படி என்று சொல்லவில்லை. அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் பார்த்துக்கொண்டாள். அவர் கண்ணசந்தால் போய் மூக்குக்குக் கீழே விரலை நீட்டிப் பார்ப்பாள். போன மாதம் ஒரு நாள் நீட்டிய விரலில் ஒன்றும் படவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் உள்ளே வந்து நின்றபோது அவர் கண்ணைத் திறந்து, "யாருக்கு?" என்று கேட்டார். கட்டடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

எல்லோர் முன்னாலும் அவரும் சிரித்தார். அவர்கள் போன பிறகு சிரிக்கவில்லை. "இந்த விரல வைக்கிற வேலைய விட்டுடு. நீ வைக்கிற ஒவ்வொரு தடவையும் நான் செத்துப் பொழைக்க வேண்டியிருக்கு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நெஜமாவே ஒரு நாள் வரும்ல, அன்னிக்கு வச்சுக்க" என்றார். அதற்கப்புறம் அவள் விரலை நீட்டவில்லை. குறட்டையைக் கேட்டுக்கொண்டே நாளை ஓட்டினாள்.

"சத்தம் போட்டுப் பேசுங்க, எந்திரிச்சு வந்துடுவாரு" என்றார் பெயிண்டர். "இல்லேன்னா ஸ்ட்ரெச்சர வரவழைங்க அண்ணி, உடனே முழிச்சுப்பாரு."

கேஷியர் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள், தண்ணீரை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். சொல்லிவிடலாமா? சொன்னால் இரண்டு பேரும் எழுந்து உள்ளே போவார்கள். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால் மறுபடி ஊர் சிரிக்கும், அவர் முகம் சுண்டிப்போகும். எழுந்து உட்காராவிட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர் தூங்குகிறார். அப்படித்தான் இருக்கட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஹாலில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் பெயிண்டர். "கெழட்டுத் திருடன். கடைசியா ஒரே ஒரு வீட்டுல திருடிட்டு விட்டுடலாம்னு வர்றான். திருடிட்டு எறங்குறப்ப லிஃப்டு நின்னுடுது. கூட மாட்டிக்கிட்டது யாரு? அதே வீட்டுப் பொண்ணு. இவன் பையில அவ நகை. இதுக்கு மேல என்ன வேணும்?"

"லாஜிக் வேணும்" என்றாள் கேஷியர். "லிஃப்டுல ஏறுறப்ப பை எடது தோள்ல. நின்னதுக்கப்புறம் வலது தோள்ல."

"அவன் தோள் மாத்திக்கக் கூடாதா?"

"கட்டே இல்லாம ஒரே ஷாட்டாம். பேட்டியில பீத்திக்கிறாரு டைரக்டர்."

டீயைக் கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை. அறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். காது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"திருடன் பைப்புல ஏறுற சீன் பரவால்ல" என்றாள் கேஷியர்.

அப்போது அவர் விழித்திருந்தார். அது அவளுக்கு நன்றாக ஞாபகம். தலையணையில் சாய்ந்துகொண்டு, "இந்தப் பைப்பு இவன் வெயிட்ட தாங்காது" என்றார். இடைவேளை வந்ததும் மாத்திரை விழுங்கினார். "லிஃப்ட் சீன் வந்தா எழுப்பு, அதுக்காகத்தான் இந்தப் படமே" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

"அந்தக் குடை சீன்" என்று பெயிண்டர் தொடையைத் தட்டினார். "வாட்ச்மேன் இவனுக்கே குடை பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறானே."

குடை சீனில் குறட்டை இருந்தது. சத்தம் தாங்காமல் டிவியைக் கூட்டி வைத்தாள். அவள் சிரித்தபோது கட்டில் ஆடியது, அவருடைய குறட்டை ஒரு வினாடி தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டது. ஆமாம், இருந்தது. அதுவரைக்கும் இருந்தது.

அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து படார் என்று இசை எழுந்தது. பிறகு யாரோ பெரிய குரலில் வசனம் பேசினார்கள்.

"பாருங்கய்யா" என்றார் பெயிண்டர். "அடுத்த படத்தைப் போட்டுட்டாரு. நாம இங்க காத்துக்கெடக்குறோம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்துவிட்டார். ரிமோட்டை எடுத்துப் படத்தை மாற்றியிருக்கிறார். எங்கே டீ என்று இதோ கத்தப்போகிறார். கதவுக் கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டியவள், அந்தக் கையில் எதையோ பிடித்திருப்பதைப் பார்த்தாள். ரிமோட். வாசல் மணி அடித்ததிலிருந்து அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், டீ ஊற்றும்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஒரு படம் முடிந்தால் இன்னொன்றைத் தானாகவே போட்டுவிடும் டிவி அது. மகள் வாங்கிக் கொடுத்தபோது சொல்லித்தான் கொடுத்தாள்.

"ஜட்ஜய்யா" என்று பெயிண்டர் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கோர்ட்டு கூடியாச்சு."

உள்ளே வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

"விடுங்க, வருவாரு" என்றாள் கேஷியர். "எனக்கு லிஃப்ட் சீன்தான் தெரியணும். கயிறு அறுந்து சர்ருனு ஒரு மாடி எறங்குதே, அப்படி நடக்குமா? அத ஜட்ஜ்தான் சொல்லணும்."

"நடக்காது" என்றாள் அவள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் படத்தைப் பற்றி அந்த ஹாலில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு கயிறு இல்ல, நாலஞ்சு கயிறு இருக்கும். அத்தனையும் அறுந்தாலும் பிரேக்கு கவ்விக்கும். உள்ள மாட்டினவன் பயத்துல சாவானே தவிர விழுந்து சாக மாட்டான்னு சொல்வாரு." தன் குரல் எங்கிருந்தோ வருவது போல இருந்தது அவளுக்கு. "ஆனா சீன் நல்லா இருந்துச்சு. ரெண்டு பேரும் கத்தல. பயந்தவங்க அப்படித்தான் இருப்பாங்க."

"அப்படிச் சொன்னாரா ஜட்ஜ்?" என்றார் பெயிண்டர் மரியாதையாக.

அவள் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த எடத்துலதான்க்கா எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள் கேஷியர். "கெழவன் தரையில உக்காந்துட்டு அவ காதுல ஏதோ சொல்றானே. தியேட்டர்ல எனக்கு முன் சீட்டுல ஒரு கொழந்தை ஒரே அழுகை. என்ன சொன்னான்?"

"எனக்கும் கேக்கல" என்றார் பெயிண்டர். "எனக்குப் பக்கத்துல ஒருத்தன் போன் பேசிட்டிருந்தான். உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணி?"

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

லிஃப்ட் நின்றபோது எழுப்பச் சொன்னாரே என்று திரும்பினாள். அசந்து தூங்குகிற முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது, எப்போதும் போலப் பிறகு கதையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கிழவன் பேச வாயெடுத்தான். குறட்டையில் ஒன்றும் விளங்கவில்லை. "கொஞ்சம் திரும்பித்தான் படுங்களேன்" என்று தோளைப் பிடித்துத் தள்ளினாள். அவர் சுவர்ப் பக்கம் சாய்ந்தார். குறட்டை நின்றது. அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பிறகு படத்தை நிம்மதியாகப் பார்த்தாள். போலீஸ் வந்தது, கோர்ட் வந்தது, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது, இவள் இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தாள். எந்த வசனத்தையும் குறட்டை மறைக்கவில்லை.

அவராகத் திரும்பினாரா, இவள் தள்ளியதால் சாய்ந்தாரா?

"அண்ணி?"

"'லிஃப்டு ஓட ஆரம்பிச்சா என்னை எழுப்பு'ன்னான்" என்றாள்.

பெயிண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி. அந்த நெலமையிலயும் தூக்கமா? நம்ம ஜட்ஜ் மாதிரியே இருக்கானே." சிரித்துக்கொண்டே பிஸ்கட்டும் கையுமாக எழுந்தார். "இருங்க, நானே போய் எழுப்பிக் கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கேஷியர் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் எதைப் பார்த்தார்களோ, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

"நான் போறேன்" என்றாள். சுவரை விட்டு விலகிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே புதுப் படத்தில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். ரிமோட்டை அழுத்தினாள். சத்தம் போனது. மின்விசிறி சுவிட்சை அழுத்தினாள். அது உடனே நிற்கவில்லை, சுற்று சுற்றாகக் குறைந்துகொண்டே வந்தது. போர்வை ஒரு தடவை ஏறியது. இன்னொரு தடவை கொஞ்சமாக ஏறியது. பிறகு அப்படியே படிந்துவிட்டது.

கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து, அவர் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினாள். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள். திட்டு வரவில்லை.

பெயிண்டரும் கேஷியரும் அறை வாசற்படியில் வந்து நின்றார்கள். கேஷியர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தணிந்த குரலில் யாருக்கோ முகவரி சொல்ல ஆரம்பித்தாள். பெயிண்டர் கையிலிருந்த பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் அந்த இடுக்கிலேயே தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்துக்கு நேராக அவள் முகம் இருந்தது.

"எதுவரைக்கும் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

எப்போதும் போலக் காத்திருந்தாள். தலையணை மடிப்பு அவர் கன்னத்தில் கோடாக விழுந்திருந்தது. அதை ஒரு விரலால் நீவிவிட்டாள்.

"சரி, குடையில இருந்து சொல்றேன். வாட்ச்மேன் உள்ள கூட்டிட்டுப் போறானா. அவன் திருடிட்டு எறங்குறான். லிஃப்டுல அந்தப் பொண்ணு ஏறுறா. நடுவுல நின்னுடுது. நீங்க சொல்வீங்களே, அதே மாதிரி, ஒரு குலுக்கல், லைட்டு போயிடுது…"

அதோடு நிறுத்திவிட்டாள்.

பெயிண்டர் அவளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்புகளும் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மெதுவாக உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ம்" என்றார். "அப்புறம்?"