புத்தியோடு சொன்ன சொல்

இலந்தை இலை போட்டுக் கொதித்த தண்ணீரைத் தஹ்சீன் விளாவிக்கொண்டிருந்தபோது, தம்பி ஷோயப் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"குடுக்கா. அப்பாவ நான் குளிப்பாட்டுறேன்."

கொல்லையில் போர்வை கட்டி மறைத்திருந்த இடத்தில், பலகைமேல் அப்பா வாஹித் மையத்தாகக் கிடந்தார். விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்டார். தெருவில், எதிர்வீட்டு நிழலில் அண்ணன் முஸ்தஃபா நின்றிருந்தான். அப்பாவோடு முறைத்துக்கொண்டு, அவருடைய மெக்கானிக் கடையை விட்டு அரக்கோணத்தில் தனியாகக் கடை போட்டவன். "என் மையத்தக்கூட அவன் தொடக்கூடாது" என்று அப்பா சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

"இருடா. பெரியவன்தான் என்னைக் குளிப்பாட்டணும், அவன வரச்சொல்லுன்னு முந்தாநேத்து சொன்னாரு."

"அவருக்குத்தான் புத்தி பிசகிடுச்சே. நீதானக்கா தெருவெல்லாம் சொல்லிகினு இருந்த?"

சொன்னவள்தான், பாழாய்ப்போன வாய். கார்பரேட்டர் என்ற வார்த்தைக்கு அப்பா அரை நிமிடம் தடுமாறினால் போதும், "போச்சு, எல்லாம் கழண்டுபோச்சு" என்பாள். முந்தாநாள் அவர் பெரியவனை வரச்சொன்னபோதும் "ஆங், ஆங்" என்று மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நேற்று அவர் வழுக்கி விழுந்ததால் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார்.

"எழுபத்தாறு வயசுல மூளை கொஞ்சம் சுருங்கத்தாம்மா செய்யும். இந்த இடைவெளியெல்லாம் அதான். பேரு ஞாபகம் வர லேட்டாகும், யோசிச்சு யோசிச்சுப் பேசுவாரு. இது நோய் இல்ல. பெரியவர் தெளிவாத்தான் இருக்காரு."

காலையில் முஸ்தஃபாவுக்குப் போன் போடலாம் என்று நேற்று ராத்திரி படுத்தாள்.

"தெளிவாத்தான்டா சொன்னாரு. டாக்டரே சொல்லிட்டாரு. நான்தான்டா பைத்தியக்காரி."

"இத்தினி வருசம் கூட இருந்து பாத்துகினவன் நான்க்கா."

"இல்லன்னு யாருடா சொன்னா?"

ஷோயப் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டுத் தெருவுக்குப் போனான்.

முஸ்தஃபா அவன் பின்னால் வந்து, தஹ்சீன் நின்ற வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். தாடி பாதி நரைத்துவிட்டிருந்தது.

"நெஜமாவே அப்பா சொன்னாராம்மா? எப்போ?"

"முந்தாநேத்துண்ணே."

"அப்பவே ஒரு போன் போட்டிருந்தா உசுரோட பாத்திருப்பேனே."

முஸ்தஃபா குனிந்து செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஒதுக்கி வைத்தான்.

"வழி விடும்மா."