இருபதாவது அடிக் கல்

தெய்வசிகாமணி சார் இடுப்பில் கயிற்றைக் கட்டுவதைப் பார்த்ததும் பவுனம்மாள் கிணற்றருகே ஓடி வந்தாள். சேதராப்பட்டு மேட்டில் அவள் குடும்பம் வெட்டிய கிணற்றுக்கு இன்னும் கரை கட்டவில்லை. போன மாதம் அடித்த கோடைமழையில் கிழக்குப் பக்கம் இரண்டு வண்டி மண் சரிந்து உள்ளே போயிருந்தது. அதற்கப்புறம் அவள் புருஷன் குழந்தைவேலே இறங்கவில்லை. காலேஜில் பாடம் சொல்லும் மனுஷன் இறங்கப் போகிறாராம்.

“இருபதாவது அடிக் கல்லுல ஒரு பச்சைப்பாசி கெடைச்சிருக்கு, குழந்தைவேலு,” என்றார் சார். “கல்லாப் போன பாசி. மெல்லிசாத் தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா, ஓட்டை ஓட்டையா வளையலாட்டம் தெரியும். ஓட்டை வரிசைய வச்சுதான் வகை பிரிக்கிறோம். வகைய வச்சுதான் பாறைக்கு வயசு சொல்றோம். இந்த வகை மேல ஏழெட்டு அடியிலதான் இருக்கணும். அது கீழ இருக்குன்னா, இந்த மேட்டுக்கே வயச மாத்தி எழுதணும்! அதான் அந்த அடியிலயே இன்னொரு கல்லு ஒடைச்சுப் பாக்கப் போறேன்.”

அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. பவுனம்மாளுக்கு உண்மை தெரியும். பாசி கீழே போகவில்லை, கல்தான் போயிருந்தது. கிணறு வெட்டும்போது சார் அடிக்கணக்குப் பார்த்துப் பன்னிரண்டு கல் பொறுக்கி, சாக்பீஸில் நம்பர் போட்டு மாட்டுக்கொட்டகையில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார். எழுபத்துமூன்றாம் வருஷப் பொங்கலுக்கு அடுப்புக் கூட்ட, ஊரில் வேறு கல்லே இல்லாதது போல, இந்தப் புண்ணியவதி அதில் கை வைத்தாள். பொங்கல் பொங்கியது, நம்பர் கரியில் போனது. மூன்று மட்டும் கறுப்பாக இருந்தால் தெரிந்துபோகுமே என்று பன்னிரண்டையும் தேய்த்துக் கழுவி, தோன்றியபடி அடுக்கினாள். குழந்தைவேல் புதிதாக நம்பர் எழுதினான். “வாயத் தொறந்தினா, காலேஜ் வாட்ச்மேன் வேலைக்கு சார் சொல்றேன்னது போச்சுடி,” என்றான். அந்த நம்பரோடுதான் சார் கற்களைக் காலேஜுக்கு எடுத்துப் போனார்.

இப்போதும் கயிற்றைப் பூவரச மரத்தில் சுற்றியபடி அவளை முறைத்தான். சார் ஒரு காலை உள்ளே விட்டார். மண்கட்டி ஒன்று கழன்று விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் மேலே வர நேரமானது. வேலையாவது மண்ணாவது!

“சார், எறங்காதீங்க! அந்த நம்பரு எல்லாம் பொய்யி. பொங்கலுக்கு நாந்தான் மூணு கல்ல எடுத்து அடுப்பு மூட்டினேன். மாத்தி வச்சிட்டோம்.”

“இன்னாடி ஒளர்ற!” என்று குழந்தைவேல் பாய்ந்தான். சார் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

“எந்த மூணு கல்லும்மா?”

“தெரியல சார். எல்லாத்தையும் கழுவிட்டேன்.”

சார் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். “போன வாரம்தான் ஐதராபாத்து மாநாட்டுல பெரியவங்க முன்னாடி வயச மாத்திச் சொல்லிட்டு வந்தேன்,” என்றார். “கல்லு பொய்யின்னா இனிமே செவுரத்தான் நம்பணும். இப்ப நான் எறங்கியே ஆவணும்.”

அவரைக் காப்பாற்றத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஓடிப்போய்ப் புருஷனுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். கயிறு கைக்குள் சாண் சாணாக நழுவியது. சாரின் தலை மறைந்தது. உள்ளே சுத்தியல் ஒருமுறை தட்டியது. இரண்டாம் முறை தட்டியபோது, கிழக்குக் கரையில் ஒரு பிடி அருகம்புல் வேர் தெரியச் சாய ஆரம்பித்தது.