முன் டயர்

ரகு வண்டியைக் கிளப்பிவிட்டான். சுகப்பிரியா ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நீ எங்க வர அண்ணி? எறங்கு."

"நானும் வரேன்."

பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். புருஷன் உடம்பு இன்னும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை, அதற்குள் கொழுந்தன் வண்டியில் ஏறிக்கொண்டு போகிறாளே என்று. மாமியார் கிளியம்மாள் மட்டும் அசையவில்லை.

"போவட்டும். அவளும் நாலு வார்த்தை கேட்டுட்டு வரட்டும்" என்றாள்.

முந்தின நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போதுதான் அவள் புருஷன் சக்திகுமாரின் வண்டியில் முன் டயர் வெடித்தது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி அவன் மேல் ஏறித்தான் நின்றது. லாரிக்காரன் மேல் தப்பில்லை என்று ஏட்டு சொல்லிவிட்டார். கிழிந்து கிடந்த டயரைக் காலால் புரட்டி, "இதப் போட்டா வண்டி ஓட்டினான்?" என்று கேட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து, அண்ணன் சாவுக்குக் கேள்வி கேட்க ரகுவுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். ஒரகடம் போகும் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஏசுவடியான். போன வாரம் அந்த டயரை மாட்டியவன் அவன்தான்.

மாட்டியபோது சுகப்பிரியா கூட இருந்தாள். என்ன பேச்சு நடந்தது என்று சொல்லி ரகுவை நிறுத்தத்தான் வண்டியில் ஏறினாள். ஏரிக்கரை வரையிலும் அந்தப் பேச்சு அவள் வாயிலேயே இருந்தது. "ரகு" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் மறுபடி கூப்பிடவில்லை.

ஏசுவடியான் ஒரு சக்கரத்தைப் படுக்கப்போட்டுக் குனிந்திருந்தான். சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள். ரகு பேச்சே எடுக்கவில்லை. போன வேகத்தில் இடுப்பில் உதைத்தான். அவன் சக்கரத்தோடு உருண்டு தண்ணீர்த் தொட்டியில் மோதினான்.

"எங்கண்ணனுக்கு இன்னா டயர்டா போட்ட?"

"எந்த வண்டின்னு சொல்லுங்க அண்ணாச்சி..."

வாயைச் சேர்த்து அறை விழுந்தது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்த ரகுவின் கூட்டாளி மோகன் அலமாரியைச் சாய்த்தான். நட்டும் போல்ட்டும் சாலைவரைக்கும் சிதறின. ரகு ஏசுவடியானின் மயிரைப் பிடித்துத் தூக்கி முகத்திலேயே குத்தினான். உதடு கிழிந்து, ரத்தம் தாடையில் இறங்கிச் சட்டையை நனைத்தது. டீக்கடையில் நின்ற கம்பெனிச் சீருடைக்காரர்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

அப்போதுதான் ஏசுவடியான் அவளைப் பார்த்தான்.

"யக்கா, நீங்க கூட நின்னியள்லா. முன் வீலுக்குப் பழசு தாங்காதுன்னு நான் சொன்னம்லா. சொல்லுங்கக்கா."

அடி நின்றது. ரகு திரும்பினான்.

"இன்னா அண்ணி? சொன்னானா?"

சொன்னான். புதுசு ரெண்டாயிரத்து இருநூறு ஆகும், பழசு அறுநூறுக்கு இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றான். சக்திகுமார் புது டயரைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான், "போனஸ் வரட்டும், இப்ப பழசே போதும்" என்றாள். மகள் நிலாவின் பள்ளி வேனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. சக்திகுமார் சிரித்துவிட்டுப் புதியதைக் கீழே வைத்தான். "ஓனரம்மா சொல்ட்டாங்க. மாட்டுப்பா."

ஏசுவடியான் வாயிலிருந்து ஒழுகுவதைச் சுகப்பிரியா பார்த்தாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று, அவன் மேல் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்திருந்தது.

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

மோகன் அவன் வலது கையைப் பிடித்து ரிம்மின் மேல் அழுத்தினான். ரகு டயர் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்தான். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது. மூன்றாவதையும் அடித்தான். ஏசுவடியான் கத்தவில்லை. குப்புறச் சரிந்து வாந்தி எடுத்தான். எடுத்து முடித்ததும் தலையைத் தூக்கினான். அடித்தவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. முகத்துத் துணியை விலக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிளியம்மாள் துணிக்கு மேலேயே மகன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?" என்றாள் மருமகளிடம்.

"கேட்டேன்."

வெயில் தாழுமுன் எடுத்துவிட்டார்கள். தீச்சட்டி தூக்கிய ரகுவின் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் பெண்கள் சுகப்பிரியாவின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் வீடு கழுவப் போனார்கள். நிலா பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். சுகப்பிரியா தலையைக்கூடத் துவட்டாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

கடையில் ஏசுவடியானின் மனைவி ஜாஸ்மின் தரையில் குந்தி நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரத்தலையையும் வெறும் நெற்றியையும் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்திய? இன்னும் அடிக்கதுக்கா?"

"எப்டிக் கீறாரு?"

"கையில கம்பி வைக்கணுமாம். இனிமே வேலை பாக்க ஆவுமோ என்னவோ."

ஒரு லாரி போன புழுதி இருவர் மேலும் படிந்தது.

"அவரு சொன்னாரு. நான்தான் பழசு போட சொன்னேன். அங்க நின்னுகினு, சொல்லலன்னு சொல்ட்டேன்."

ஜாஸ்மினின் கை நின்றது. பொறுக்கியதை டப்பாவில் போட்டு மூடினாள்.

"இத ஸ்டேசன்ல வந்து சொல்லுவியளா?"

சொன்னால் ரகு உள்ளே போவான். கிளியம்மாளுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிள்ளை. பிறகு அந்த வீட்டில் நிலாவோடு எப்படி இருப்பது?

"வரேன்."

ஜாஸ்மின் கடையைப் பூட்டினாள். வந்த ஷேர் ஆட்டோவில் ஷிப்டு முடிந்த கூட்டம். ஜாஸ்மின் ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்து, அரை ஆளுக்கு இடம் விட்டாள். சுகப்பிரியா அதில் ஏறி ஒடுங்கினாள். அவள் புடவையின் ஈரம் ஜாஸ்மினின் சேலையில் இறங்கிப் பரவியது. ஜாஸ்மின் நகர்ந்து உட்காரவில்லை. நகர இடமும் இல்லை.