பேச்சிராஜின் கடைசி ரிட்டர்ன்

சண்முகசுந்தரி சேக் மைதீனின் ஆபீசுக்குப் படியேறியபோது கையில் இரண்டு பைல்கள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அவள் புருஷன் பேச்சிராஜுடையது. அவன் போன கார்த்திகையில் செத்துப்போனான்.

பேச்சிராஜுக்கு ஒரு வேன் இருந்தது. குருவிகுளம் பக்கத்துக் காற்றாலைகளில் வேலை பார்க்கும் டெக்னீசியன்களைச் சங்கரன்கோவிலிலிருந்து காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற காண்ட்ராக்ட். பதினோரு வருஷம் ஒரு நாள் பிந்தாமல் ஓட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரியாஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது. ஹார்ட் அட்டாக் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே கம்பெனியிலிருந்து போன் வந்தது. வண்டி வருமா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டாள். இசக்கிராஜா என்று ஒரு டிரைவரைச் சம்பளத்துக்குப் போட்டு, காண்ட்ராக்டைத் தன் பேருக்கு மாற்றி வாங்கினாள். கம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டுதான் பில் பணம் போடும். பிடித்ததைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் ரிட்டர்ன் போட வேண்டும். ஏப்ரலில் தொடங்குகிற வரி வருஷத்தின் முதல் எட்டு மாசத்துக்குச் செத்தவன் பேரில் ஒன்று, மீதி மாசங்களுக்கு அவள் பேரில் ஒன்று.

சேக் மைதீன் ராஜபாளையம் ரோட்டில் ஒரு உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்து வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். பேச்சிராஜுக்கு வருஷா வருஷம் அவர்தான் போட்டுக் கொடுத்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, அண்ணாச்சிக்குப் பதிலா நீங்க கணக்குக் குடுக்கணும்னா மொதல்ல உங்களை வாரிசாப் பதியணும். இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸ்ல வாங்குன வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் இருக்கா?"

இருந்தன. அந்த வாரிசுச் சான்றிதழுக்காக அவள் மூன்று மாசம் நடந்திருந்தாள். சேக் மைதீன் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் எடுத்து ஏற்றினார். "வரி ஆபீஸ்ல பாத்து ஓக்கே பண்ணுததுக்கு நாலஞ்சு நாளாவும். அதுக்குள்ள கணக்கைத் தயார் பண்ணி வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, போன வருஷத்து ரிட்டர்னைத் திரையில் திறந்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"இந்த வருசம் வைத்தியச் செலவுக்குப் பில்லு கொண்டாந்திருக்கியளா?"

"என்ன வைத்தியம்?"

"அண்ணாச்சிக்குப் பாத்ததுதான். மூணு வருசமா அந்தச் செலவுக்கு வரிக் கழிவு போட்டுத்தான வாரோம்."

"வேற யாரு பைலையோ பாக்கிய போல தம்பி" என்றாள் சுந்தரி.

அவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். பின்பு இரும்பு அலமாரியைத் திறந்து, பேச்சிராஜ் பேர் எழுதிய பழைய பைலை எடுத்துப் புரட்டினார். ஒரு தாளை உருவியவர், அதை நீட்டலாமா வேண்டாமா என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா?"

அவளே வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்தது. திருநெல்வேலி டாக்டர் ஒருத்தரின் முத்திரை. நோயாளி பேர் பேச்சிராஜ். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். கிட்னி என்கிற வார்த்தை அவளுக்குப் புரிந்தது.

"ரெண்டு கிட்னியும் கெட்டுக்கிட்டே வருதுன்னு எழுதிருக்கு" என்றார் சேக் மைதீன் மெதுவாக. "இந்த மாதிரிப் பெரிய சீக்குக்கு மட்டும் ஒரு கழிவு உண்டு. அதைப் போட்டாத்தான் வரி வராதுன்னு நான் சொன்னதுக்கு அப்புறம்தான் அண்ணாச்சி இந்தத் தாளையே கொண்டாந்தாக."

"மூணு வருசமா உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"வீட்டுல தெரியும்னுதான் நெனச்சேன் அக்கா. சத்தியமா."

அவர் மேல் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் கோபப்பட வேறு ஆள் அங்கே இல்லை. பைலை அப்படியே மேஜையில் போட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் சாப்பாட்டு ஞாபகம்தான் வந்தது. கருவாடென்றால் உயிரை விடுகிறவன் ஒருநாள் திடீரென்று வேண்டாமென்றான். ஊறுகாயை ஒதுக்கினான். குழம்பை இரண்டு கரண்டிக்கு மேல் ஊற்றவிட மாட்டான். தன் கைப்பக்குவம் அவனுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். "ஓட்டல்ல ருசியாத் தின்னுட்டு வாரிய, வீட்டுக் குழம்பு எப்படி எறங்கும்?" என்று கேட்டு, ஒருநாள் மீன்குழம்பைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள். அவன் மோரை ஊற்றித் தின்றுவிட்டுக் கை கழுவினான். கால் வீங்கியிருந்ததைக் கேட்டபோது, நாள் முழுக்க வண்டி ஓட்டினால் வீங்காதா என்றான். மாசம் ஒரு சனிக்கிழமை திருநெல்வேலிக்கு வண்டி சர்வீஸுக்குப் போகிறேன் என்பான். சங்கரன்கோவிலில் இல்லாத மெக்கானிக்கா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனாள். மகள் அபிதாவிடம் கம்பெனி வேலை என்று சொன்னாள். அபிதாவுக்குப் பதினெட்டு வயது. மேலநீலிதநல்லூர் காலேஜில் அந்த மாசம்தான் சேர்ந்திருந்தாள்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சிராஜின் பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவன் செத்துப்போன விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நவம்பர்ல வரல. போன் பண்ணச் சொன்னேன், நம்பர் போகலன்னாங்க" என்றார். "உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டே போயிட்டார். டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கணும். கிட்னி அந்த நிலைமைக்கு வந்துட்டா, ரத்தத்துல பொட்டாசியம்ங்கிற உப்பு கூடி இதயம் சட்டுன்னு நின்னுரும். அப்படித்தான் நடந்திருக்கும்."

"நான் ஒண்ணு குடுத்திருந்தா பொழச்சிருப்பாகளா?"

"பொருந்துமான்னு டெஸ்ட் பண்ணாமச் சொல்ல முடியாதும்மா. ஆனா கேட்டிருக்கலாம். நான் அவர்கிட்டச் சொன்னேன், மனைவிகிட்டக் கேளுங்கன்னு."

"அதுக்கு என்ன சொன்னாக?"

டாக்டர் முதலில் அந்த நோயைப் பற்றிச் சொன்னார். கிட்னிக்குள் கொப்புளம் கொப்புளமாக நீர் கட்டுகிற நோய் அது. பரம்பரையாக ரத்தத்தில் வருவது. பேச்சிராஜின் அப்பாவும் நாற்பத்தாறு வயதில் கைகால் வீங்கித்தான் செத்தார். அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

"அதைச் சொன்ன பிறகுதான் அவர் மறுத்தார். 'நாளைக்கு எம் புள்ளைக்கு வேணும்னா யாரு குடுப்பா? அவ அம்மா கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்'னார். அப்போ பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, ஒரு ஸ்கேன் எடுத்தாத் தெரிஞ்சிரும்னேன். ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும்னு சொன்னார். பயம்தாம்மா. பார்க்காத வரைக்கும் இல்லன்னு வச்சுக்கலாம் இல்லையா?"

சுந்தரி தலை குனிந்துகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. என்னைக் கேட்காமல் என் உடம்பைப் பங்கு வைக்க நீங்க யாரு என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவன் பங்கு வைத்ததில் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். "அவர்கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் பார்க்கணும்."

பேச்சிராஜுக்கு ஒரே தங்கை. பிச்சம்மாள். வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பையன்களோடு இருக்கிறாள். சுந்தரி தலையாட்டிவிட்டு, மருந்துக் கடையில் அந்த எட்டு மாசத்துப் பில்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். தேவர்குளம் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் தெரிகிற இடத்தில்தான் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

வாரிசுப் பதிவு முடிந்துவிட்டது என்று நாலாம் நாள் சேக் மைதீன் கூப்பிட்டார். சுந்தரி போய் உட்கார்ந்தாள். அன்று கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். கம்பெனி கொடுத்த தொகை. வண்டிக் கடன். பாங்க் வட்டி. வேறு வருமானம் இல்லை. வீட்டு வாடகை வருவதில்லை. செத்த தேதி. அந்த இடத்தில் அவர் விரல் சற்றுத் தயங்கியது. அவளே தேதியைச் சத்தமாகச் சொன்னாள்.

"முடிஞ்சுட்டு அக்கா. கடைசியா ஒரு உறுதிமொழி. இதுல சொன்னது எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரி, முழுசுன்னு, அவுக வாரிசா நீங்க உறுதி சொல்லுதிய."

"அந்த வைத்தியக் கழிவைப் போட்டாச்சா?"

"இந்த வருசம் அது வேண்டாம் அக்கா. எட்டு மாச வருமானம்தான. அது இல்லாமலே வரி வரல. பிடிச்ச பணம் முழுசாத் திரும்பி வந்துரும்."

"பைசாவுக்காகச் சொல்லல தம்பி." பில்களை எடுத்து மேஜையில் வைத்தாள். "அவுகளுக்குச் சீக்கு இருந்துச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாம இருந்துச்சு. இதுலயாவது இருக்கட்டும். எழுதுங்க."

சேக் மைதீன் பில்களைக் கூட்டிப் போட்டார். நோயின் பேரைக் கேட்கிற கட்டத்தில் அதையும் நிரப்பினார். உறுதி செய்வதற்காக அவளுடைய போனுக்கு வந்த நம்பரை அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் அடித்தார். பேச்சிராஜின் கணக்கு முடிந்தது. அவளுடைய கணக்கைப் போடக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று காலேஜ் விட்டு வந்த அபிதாவுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து சுந்தரி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மிச்சம் வைக்கவில்லை. மீன்குழம்பைக் கொட்டியதைக்கூடச் சொன்னாள்.

அபிதா டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு இருக்கான்னு பாக்கச் சொன்னதுக்கு அப்பா மாட்டேன்னுட்டாகளா?"

"பயந்துட்டாகட்டி."

"நீ பயப்படலயா?"

"பயந்துக்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போறேன்."

அடுத்த வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பு சுந்தரியைப் பார்க்காமல் அபிதாவைப் பார்த்துத்தான் பேசினார். இருக்கிறது. இரண்டு பக்கமும், சின்னச் சின்னதாக. கிட்னி இப்போது நன்றாக வேலை செய்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எத்தனையோ வருஷம் ஒன்றும் ஆகாமல் ஓட்டலாம், அதற்குள் நல்ல மருந்துகளும் வரும் என்றார். அபிதா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ஸ்கேன் கவரின் ஓரத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். சுந்தரி அதை வாங்கி, மடிப்பை நீவி நேராக்கித் தன் பைக்குள் வைத்தாள்.

மூன்று நாள் அபிதா அப்பா போட்டோவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"பிச்சம்மா அத்தைக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. போன்ல எப்படிச் சொல்லன்னு நெனச்சேன்."

"நீயும் தள்ளிப் போடுத, பாத்தியா. கெளம்பு."

இருவரும் பதினொரு மணிக்கு வாசுதேவநல்லூரில் இறங்கினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்களைக் கண்டதும் பிச்சம்மாளுக்கு நிலைகொள்ளவில்லை. அண்ணன் போன பிறகு அவர்கள் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. வயலுக்குப் போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். பெரியவனைக் கடைக்கு விரட்டினாள், சின்னவனை நாற்காலி எடுத்துப் போடச் சொன்னாள். அபிதாவின் கன்னத்தைத் தடவி, "என்னட்டி இப்படி எளைச்சுட்ட?" என்றாள். நடக்கும்போது பிச்சம்மாளின் வீங்கிய கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரிந்தது. சுந்தரி அதைப் பார்த்துவிட்டாள்.

"காப்பி போடுதேன் மைனி, இருங்க" என்று பிச்சம்மாள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

"காப்பி அப்புறம் போடலாம் பிச்சம்மா" என்று சுந்தரி அவள் கையைப் பிடித்தாள். "மொதல்ல இங்கன வந்து உக்காரு."