மார்பளவு

கோவில்பட்டியில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். வருகிற அன்று பூவனநாதன் தன் மருந்துக்கடையை அரை மணி நேரம் தாமதமாகத் திறப்பார். குடங்களும் அண்டாவும் நிரம்பிய பிறகு, பின்வாசல் தொட்டியருகே நின்று வாளி வாளியாக மொண்டு ஊற்றிக் குளிக்கிற சுகம் அன்று மட்டும்தான் கிடைக்கும்.

அந்தச் சித்திரை மாதக் காலையில் அவர் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, மச்சினன் செல்வகணேஷ் குளிக்க வந்தான். கைலியை மடித்துக் கட்டினான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பனியனைக் கழற்றவில்லை. அப்படியே தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான்.

"ஏலே, பனியனோடயா குளிக்க?" துணி அலசிக்கொண்டிருந்த யோகலட்சுமி கேட்டாள். "களத்திப் போடு, சேத்து அலசிருதேன்."

"இருக்கட்டும்க்கா."

"அழுக்குப் பனியன மாட்டிக்கிட்டுத் தண்ணி ஊத்துனா உடம்பு எப்படிலே வெளுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து வந்து பனியனின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பத்து வயது மூத்தவள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்த உரிமை.

"கைய எடு!" என்று கத்தினான் செல்வகணேஷ். அவன் திரும்பிய வேகத்தில் வாளி கவிழ்ந்தது. எட்டு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஈரத்தோடு வீட்டுக்குள் போய்விட்டான்.

யோகலட்சுமி திகைத்து நின்றாள். தம்பி அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "இவனுக்கு என்னங்க வந்துச்சு? போலீஸ் செலக்சன்ல தோத்ததுல இருந்து ஆளே ஒரு மாதிரி இருக்கான்."

"வயசுப் பய. விடு" என்றார் பூவனநாதன். துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். முகம் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அவர் கடை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களுக்கு அவரே மாத்திரை எடுத்துக் கொடுப்பார். பாதி டாக்டர் என்று ஜனங்கள் சொல்வார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. யோகலட்சுமி புதூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா கருத்தையாவுக்கு நாற்பது ஆடும், மழையை நம்பிய நாலு ஏக்கர் கரிசலும் சொத்து. ஒரே மகனான செல்வகணேஷை, நகரத்தில் படிக்கட்டும் என்று மகள் வீட்டில் விட்டிருந்தார்.

அவனுக்குப் போலீஸ் ஆக வேண்டும் என்று ஒரே வெறி. இரண்டு வருஷத்துக்கு முன் முதல் தடவை போனபோது ஓட்டம், கயிறு, தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறினான். மார்பளவு எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அவனுக்கு எழுபத்தொன்பது.

"ரெண்டு சென்டிமீட்டர் அத்தான். ஒரு விரக்கடைதான்" என்று கடையில் வந்து உட்கார்ந்து சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அந்தக் கண்ணீரைத் துடைக்கும் வழி தன் கையிலேயே இருக்கிறது என்று பூவனநாதன் நினைத்தார். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் மாயகிருஷ்ணன் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருந்த ஊசிதான். சதை பிடிக்க வைக்கும் ஸ்டீராய்டு. மதுரையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். டாக்டர் சீட்டு கிடையாது. பெட்டிக்குள் இருந்த மடிப்புக் காகிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விரித்து வாசித்தார். பொடி எழுத்து ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து கெடுதல்கள் போட்டிருந்தன. ஆண்களுக்கு மார்பகம் வளரக்கூடும் என்பது அவற்றில் ஒரு வரி. ஆயிரத்தில் ஒருத்தனுக்கு வரும் என்று அவராகவே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டு காகிதத்தைக் குப்பையில் போட்டார்.

"ஒண்ணும் செய்யாதுல்லா அத்தான்?" முதல் ஊசியின்போது செல்வகணேஷ் கேட்டான்.

"நான் போடுதேன்லா. ஒண்ணும் செய்யாது."

சனிக்கிழமைதோறும் கடையின் பின்னறையில் ஊசி. தினமும் இரண்டு மாத்திரை. நாலே மாதத்தில் மார்பு எண்பத்து நாலைத் தொட்டது. தான் அவித்துக் கொடுத்த முட்டைகள்தான் காரணம் என்று யோகலட்சுமி பக்கத்து வீடுகளில் சொல்லி மகிழ்ந்தாள். பூவனநாதன் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். மச்சினனைப் பார்த்துவிட்டு மாயகிருஷ்ணனின் கூடத்திலிருந்து இன்னும் ஆறு பேர் அதே ஊசியை மாதாமாதம் வாங்கிப் போகத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் செல்வகணேஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "காம்புக்கு அடில சுள்ளுன்னு வலிக்கு அத்தான். சட்டை பட்டாலே கூசுது."

பூவனநாதன் அழுத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ உருண்டது. அந்தப் பொடி எழுத்து வரி அப்படியே அவர் கண்முன் வந்தது. அந்த நிமிடமே ஊசியை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. நிறுத்தினால் அளவு இறங்கிவிடுமோ என்ற பயம். அதைவிட, நான் கொடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டி வருமே என்ற பயம்.

"சதை புடிக்கிறப்ப அப்படித்தாம்ல இருக்கும். செலக்சன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றார்.

தூத்துக்குடி மைதானத்தில் மார்பளவுக்கு வரிசை கட்டி நின்றபோது, எல்லோரும் சட்டையைக் கழற்றினார்கள். செல்வகணேஷும் கழற்றினான். பின்னால் நின்ற ஒருவன் அடுத்தவன் காதில் என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. அளவெடுக்கும் மேசைக்கு இன்னும் நாலு பேர்தான் பாக்கி. அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, மைதானத்தைவிட்டு வெளியேறிப் பஸ் ஏறிவிட்டான்.

ஓட்டத்தில் தோற்றுவிட்டதாக வீட்டில் சொன்னான். அவன் ஓட்டத்தைப் பார்த்தவர் பூவனநாதன். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது. அவன் உச்சி வெயிலிலும் இரட்டைச் சட்டை போட்டான், தோளைக் குறுக்கி நடந்தான். கடையில் அகலமான கட்டுத்துணிச் சுருள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எல்லாம் தெரிந்தது. ஒரு வருஷத்துக்குமேல் அவர் எதையுமே கேட்கவில்லை.

வாளி கவிழ்ந்த மறுநாளே செல்வகணேஷ் ஊருக்குப் போய்விட்டான். பத்து நாள் கழித்துக் கடைக்கு ஃபோன் வந்தது. மாமனார் கருத்தையா.

"மாப்பிள்ள, கணேசு விழுந்துட்டான். வேலிக்கருவ வெட்டப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டான். சட்டையத் தொறந்து பாத்தா, நெஞ்சச் சுத்தி மூணு சுத்துத் துணிய இறுக்கிக் கட்டிருக்கான். மூச்சு விட எடமில்ல. அவுத்துப் பாத்தா..." பெரியவரின் குரல் உடைந்தது. "பொம்பளப் பிள்ளைக்கு இருக்க மாதிரி இருக்கு மாப்பிள்ள. நான் எந்தச் சாமிக்கு என்ன கொற வச்சேன்னு தெரியலயே!"

எதிர்முனையில் ஒரு மனிதன் செய்யாத குற்றத்துக்குத் தன்னையே அடித்துக்கொண்டு அழுவதை, செய்தவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூவனநாதனும் யோகலட்சுமியும் அவனைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் தனியே சோதித்துவிட்டு வந்து, மூன்று பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"உடம்பு ஏத்துறதுக்கு ஏதாவது ஊசி, மாத்திரை எடுத்தியா தம்பி?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எதுவும் எடுக்கல சார்." செல்வகணேஷ் அத்தானின் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்படின்னா வேற காரணம் தேடணும். உள்ள எங்கயாவது கட்டி இருக்கான்னு பாக்கணும். ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுக்கணும்."

கட்டி என்ற சொல் கேட்டதும் யோகலட்சுமி தம்பியின் கையை இறுகப் பற்றினாள். இந்தப் பையன் என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் உடம்பைப் பணயம் வைக்கிறான் என்று பூவனநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாந்தான் சார் போட்டேன்" என்றார். எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "ஆறு மாசம் ஊசி. கூட மாத்திரை. மருந்துக்கடை வச்சிருக்கேன். இவனுக்கு அக்கா புருசன்."

டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். "வலி வந்தப்ப உங்ககிட்ட சொன்னானா?"

"சொன்னான் சார்."

"அப்பவே ஊசிய நிறுத்திட்டு இங்க வந்திருந்தா, தானா வத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மருந்துக்காவது கேட்டிருக்கும். இப்ப இறுகிப் போச்சு. ஆபரேசன்தான்." அவர் செல்வகணேஷிடம் திரும்பினார். "தம்பி, இது உன் ஆம்பளத்தனத்துல குறை இல்ல. ஆண் ஹார்மோன வெளியில இருந்து அளவுக்கு மீறி ஏத்துனா, உடம்பு அதுல ஒரு பங்கப் பெண் ஹார்மோனா மாத்திரும். அதனால வந்தது. இதுல நீ வெக்கப்பட ஒண்ணுமில்ல."

செல்வகணேஷ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். இத்தனை நாள் தான் ஆணே இல்லையோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவன் அவன்.

திரும்பும் பஸ்ஸில் யோகலட்சுமி தம்பியோடு உட்கார்ந்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"இப்படி வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பெட்டிக்குள்ள இருந்த தாள்ல போட்டிருந்துச்சு."

"முட்டை, முட்டைன்னு நான் ஊரெல்லாம் பெருமை அடிச்சேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க?" அவள் அழவில்லை. அதற்குப் பிறகு பல நாள் தேவைக்குமேல் அவரோடு ஒரு சொல் பேசவும் இல்லை.

அடுத்த நாள் பூவனநாதன் தனியாகப் புதூருக்குப் பஸ் ஏறினார். ஆட்டுக் கிடையருகே நின்ற மாமனாரிடம், "சாமி குத்தம் இல்ல மாமா. என் குத்தம்" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். கருத்தையா கடைசிவரை கேட்டு முடித்தார்.

"கணேசு பொழச்சுக்கிடுவானா?"

"ஆபரேசன் பண்ணுனா சரியாயிரும் மாமா."

"அப்பஞ் சரி" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து பன்னிரண்டு வருஷத்தில், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்காமல் அவர் திரும்பியது அன்றைக்குத்தான். அது தனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டே வெயிலில் நடந்தார்.

பிறகு, ஊசி வாங்கிப் போன அந்த ஆறு பேரையும் தேடிப் போனார். தேடிப் போகாமல் இருந்தால் தூக்கம் வராது என்ற நிலை. நாலு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவன், "எனக்கெல்லாம் ஒண்ணும் வராது அண்ணாச்சி" என்று சிரித்தான். ஆறாமவன் சுற்றும் முற்றும் பார்த்துச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தான். அவனுக்கும் தொடங்கியிருந்தது. இரண்டே வாரம் ஆகியிருந்தது. பூவனநாதன் அவனை அன்றைக்கே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். ஊசியை நிறுத்தி, டாக்டர் எழுதிய மருந்தைச் சாப்பிட்டதில் அவனுக்குச் சில மாதத்தில் வற்றிவிட்டது.

செல்வகணேஷுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காம்பைச் சுற்றிப் பிறைபோல இரண்டு தழும்புகள் மிஞ்சின. அதற்குள் போலீஸ் வேலைக்கான வயது தாண்டிவிட்டது. ஒரு லாரி செட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அத்தானிடம் பழையபடி பேசினான். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்: "வெளிய யாருட்டயும் சொல்லிராதீங்க அத்தான்."

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கச் செல்வகணேஷ் கடைக்கு வந்திருந்தான். அந்த நேரத்தில் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பெயர் சீனி என்றார்.

"அண்ணாச்சி, எம் மகன் அடுத்த செலக்சனுக்குப் போறான். நெஞ்சு அகலம் பத்தல. ஒங்க கடையில ஒரு ஊசி இருக்காமே?"

"அத இப்ப விக்கிறதில்ல."

"இல்லன்னா வேற எங்கனயாச்சும் வாங்கிக்கிடுதேன். பேர மட்டும் எழுதிக் குடுங்க."

சீனி தெருவில் இறங்கப் போனார். பூவனநாதன் மேசையைத் தாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "வாங்காதீங்க அண்ணாச்சி. இதே ஊசிய ஒரு பையனுக்கு எங் கையால போட்டேன். கெடுதல் வரும்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டே போட்டேன். அவனுக்குப் பொம்பளையாட்டம் மார்பு வளந்துருச்சு. கத்தி வச்சு எடுத்தோம். போலீஸ் வேலையும் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அவன் மூஞ்சிய நேரா பாக்க என்னால முடியல."

சீனி நம்பாமல் பார்த்தார். "விக்க மனசில்லாம கதை விடுதீங்க. யாரு அந்தப் பையன்?"

பூவனநாதன் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார். எதிர் டீக்கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாந்தான் அண்ணாச்சி."

செல்வகணேஷ் கடையிலிருந்து இறங்கி வந்தான். முகம் வேர்த்திருந்தது. ஆனால் தோள் குறுகவில்லை. சட்டையின் மேல் பொத்தான்களை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினான். சீனி பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் மெல்ல வடிந்தது.

"டாக்டர் சீட்டு இல்லாம ஊசி போட்டது அத்தான் செஞ்ச தப்பு" என்றான் செல்வகணேஷ். "வலிக்குன்னு தெரிஞ்ச பெறவும், வெக்கப்பட்டு ஒரு வருசத்துக்கு மேல சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சது நான் செஞ்ச தப்பு. இந்த ரெண்டுல எதையும் ஒங்க வீட்டுல நடக்க விட்றாதீங்க."